பவுண்டு: நிறையா? விசையா?

மாணவர்களே! பிரிட்டிஷ் அலகு முறையில் 'பவுண்டு' நிறையையும் குறிக்கும், விசையையும் குறிக்கும். இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

1 பவுண்டு நிறையைப் புவி ஈர்க்கும் விசையே 1 பவுண்டு விசையாகும். விசை = நிறை × முடுக்கம் அல்லவா? 1 பவுண்டு நிறை 0.4536 கிலோகிராம், புவியீர்ப்பு முடுக்கம் 9.807 மீ/வி². பெருக்கினால் 4.448 நியூட்டன்.

1 பவுண்டு விசை எந்த நிறைக்கு 1 அடி/வி² முடுக்கம் அளிக்கிறதோ, அந்நிறை 1 'ஸ்லக்'. புவியீர்ப்பு முடுக்கம் 32.17 அடி/வி² ஆதலால், 1 ஸ்லக் = 32.17 பவுண்டு நிறை.

அலகை மாற்ற மறந்தால் என்ன ஆகும்? 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் அழிந்தது. அதன் உந்துபொறிகளின் கணத்தாக்கை (விசை × நேரம்) ஒரு கணிப்பொறி நிரல் பவுண்டு விசை-வினாடியில் தந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் நியூட்டன்-வினாடி என்று கொண்டனர். உந்துதல் சுமார் நான்கரையில் ஒரு பங்காகவே கணக்கிடப்பட்டது. செவ்வாய்க்கு மேல் 226 கி.மீ. உயரத்தில் செல்லவேண்டிய கலம், சுமார் 57 கி.மீ. வரை இறங்கி வளிமண்டலத்தில் சிக்கியது.

எண்ணை எழுதும்போதே அலகையும் எழுதுங்கள்.

பயிற்சி: 5 ஸ்லக் நிறையுள்ள வண்டியை 20 பவுண்டு விசை இழுக்கிறது. உராய்வு இல்லையெனில் முடுக்கம் என்ன? (விடை: 4 அடி/வி²)