மறதியே அதன் மூலதனம்

சரக்கு வரத்துக் குறைந்தால் விலை ஏறும்; விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். வணிகர்களாகிய நாம் கடையில் அன்றாடம் காணும் நியதி இது. ஆனால் இந்நியதிக்கு அடங்காத சரக்கு ஒன்று உண்டு. கொக்கைன் என்னும் போதைப் பொருளே அது. அதன் ஏற்ற இறக்கத்தை, அது மிகுதியாகச் செலவாகும் அமெரிக்க நாட்டின் கணக்கைக் கொண்டு சிறிது ஆராய்வோம். அங்கு நடப்பது நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். நம் பிள்ளைகள் மேற்படிப்புக்காக மேனாடுகளுக்குச் செல்லும் காலம் இது.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சாரலில் விளையும் கோக்கா என்னும் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது கொக்கைன். அதைப் பிரித்தெடுத்த முறையை ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஆல்பர்ட் நீமன் 1860-இல் வெளியிட்டார். 1884-இல் கண் அறுவைக்கு மரப்பு மருந்தாக அது பயன்பட்டது. அதே ஆண்டில் வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு அதனைப் புகழ்ந்து கட்டுரை வரைந்தார். அமெரிக்காவில் டானிக்குகளிலும் பானங்களிலும் கலந்து விற்றனர். முப்பது ஆண்டுகளுக்குள் கேடு வெளிப்பட்டது. 1914-இல் ஹாரிசன் சட்டம் அதற்குக் கடிவாளமிட்டது. அக்கேட்டைக் கண்ணாரக் கண்டவர்கள் இருந்தவரை அப்பழக்கம் ஒடுங்கிக் கிடந்தது. அவர்கள் மறைந்தபின், 1970-களில், "இது யாரையும் அடிமைப்படுத்தாது" என்னும் பொய்யுடன் செல்வர்களின் விருந்துகளில் மீண்டும் தலைகாட்டிற்று.

1975 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பள்ளி இறுதி வகுப்பு மாணவரிடம் ஆண்டுதோறும் விசாரித்துக் கணக்கெடுத்து வருகின்றனர். அதனைப் பேரேடு புரட்டுவதுபோல் புரட்டிப் பார்ப்போம். முந்திய ஓராண்டுக்குள் கொக்கைன் உட்கொண்டதாகச் சொன்னோர் 1975-இல் 100-க்கு 6 பேருக்கும் குறைவு. 1985-இல் 13 பேர். 1992-இல் 3 பேர். 1999-இல் மீண்டும் 6 பேர். 2021 முதல் 2024 வரையிலான ஆண்டுகளிலோ 2 பேருக்கும் குறைவு.

1985-க்குப் பின் கணக்கு இறங்கியது எதனால்? சரக்குத் தட்டுப்பாட்டாலா? இல்லை. "எளிதில் கிடைக்கும்" என்று சொன்ன மாணவர் தொகை அதன்பின்னும் சில ஆண்டுகள் ஏறியே வந்தது. மாறியது சரக்கன்று, அறிவு. 1986 ஜூன் மாதத்தில் லென் பயஸ் என்னும் 22 வயதுக் கூடைப்பந்து வீரர், பெயர்பெற்ற குழுவொன்றுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இரண்டாம் நாளே கொக்கைனால் மாண்டார். நாடே அதைப் பற்றிப் பேசிற்று. ஓரிரு முறை உட்கொள்வதே பேராபத்து என்று கருதிய மாணவர் 1986-இல் 100-க்கு 34 பேர். 1987-இல் 48 பேர். அச்சம் ஏறியது, பழக்கம் இறங்கியது.

பின்னர் 1990-களில் ஏன் மீண்டும் ஏறியது? அந்தச் சாவை அறியாத பிள்ளைகள் வகுப்புக்கு வந்தனர். சொல்ல வேண்டிய பெரியவர்களும் ஓய்ந்துவிட்டனர். இதனை அறிஞர்கள் தலைமுறை மறதி என்கின்றனர்.

இன்று இளைஞர் கணக்கு இறங்கியிருக்கிறதே என்று நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. பெரியவர்களின் கணக்கு வேறு. 2023-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் கொக்கைன் உட்கொண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 18 வயதைக் கடந்தவர்கள். கொக்கைன் சம்பந்தப்பட்ட சாவுகள் 2015-இல் 7,000-க்கும் குறைவு. 2023-இல் 29,000-க்கும் மேல். 2024-இல் அத்தொகை குறைந்தது உண்மையே. எனினும் உட்கொள்வோர் நான்கு மடங்காகாதிருக்க, சாவு மட்டும் நான்கு மடங்கானது எப்படி? பெருங்காரணம் கலப்படம். ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் என்னும் பொருள் அத்தூளில் கலந்துவிடுகிறது. வாங்குபவன் அதை அறியான். கலப்பில்லாத கொக்கைனும் கொல்லக்கூடியதே: அது இருதயத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, துடிப்பை விரைவாக்கி, வாலிபனுக்கும் மாரடைப்பை வரவழைக்கும்.

சட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நலம். சிங்கப்பூர்ப் பிரஜையோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப் பொருள் உட்கொண்டாலும், ஊர் திரும்பியபின் இங்கே வழக்குக்கு ஆளாகலாம். "அந்த ஊரில் எல்லாரும் செய்கிறார்கள்" என்பது இங்கே செல்லாது. 30 கிராமுக்கு மேல் கொக்கைன் கடத்துவோருக்கு மரண தண்டனை விதிக்கவும் இங்குச் சட்டம் உண்டு.

இனி, நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். நாம் பிள்ளையிடம் "அது ஹராம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அச்சொல் போதுமென்று நாம் நினைக்கிறோம். ஆனால் பிள்ளை தூர தேசத்தில், நண்பர்களுக்கு நடுவே, தனியே நிற்கும்போது "ஏன்?" என்ற கேள்வி எழும். அதற்கு விடையை முன்னரே கொடுத்திருக்கிறோமா? நம் உறவில் ஒருவன் போதையால் சீரழிந்தால், குடும்பத்தின் பெயர் கெடும் என்று அஞ்சி மூடி மறைக்கிறோம். "வியாபார நிமித்தம் வெளியூர் போயிருக்கிறான்" என்கிறோம். மானம் காக்க நினைத்துச் செய்யும் இக்காரியத்தால், அடுத்த தலைமுறைக்குச் சேர வேண்டிய பாடத்தை நாமே புதைத்துவிடுகிறோம். மறதி தானாக வருவதில்லை. நமது மௌனமே அதை வளர்க்கிறது.

ஆகவே, பிள்ளைக்குப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் ஒரு மாலை கடையைச் சற்று முன்னதாக அடைத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் அவனை அருகில் இருத்திப் பேசுவார்களாக. மகளாயினும் அவ்வாறே. தெரிந்த கதையை மறைக்காமல் சொல்லுங்கள். தவறிவிட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், அடித்து விரட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடையில் வராத கடனையும் மறைக்காமல் பேரேட்டில் எழுதும் நாம், குடும்பத்தில் நேர்ந்த நஷ்டத்தையும் பிள்ளைகள் அறிய எழுதி வைப்போம். அதைப் படித்தவனே மறு நஷ்டத்தைத் தடுப்பான்.