கொம்பனி போட்ட வரி உங்கள் கணக்கில் சேராது

கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொல்லும் ஒவ்வொரு லொறிச் சாரதியிடமும் நான் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: வருமானவரி முகவரகம் உங்கள் சொந்தப் பெயருக்கு அனுப்பிய மதிப்பீட்டு அறிவித்தல்கள், வருடத்துக்கு ஒன்றாக, கையில் இருக்கின்றனவா? பாதிப் பேர் சொல்லும் பதில், "கொம்பனிக்கு ஒழுங்காப் போட்டிருக்கு அண்ணை." அந்தப் பதிலை நம்பியதால்தான் என் குடியுரிமை வருடக்கணக்கில் பின்னுக்குப் போனது.

சட்டம் இரண்டு கணக்குக் கேட்கிறது. விண்ணப்பத்துக்கு முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அந்த 5 ஆண்டுகளுக்குள் முழுதாகவோ பகுதியாகவோ விழும் வரி ஆண்டுகளில் மூன்றுக்கு, படிவம் போடும் கடமை இருந்திருந்தால் அதை நிறைவேற்றியும் இருக்க வேண்டும். 2015 யூன் முதல் 2017 ஒக்ரோபர் வரை இது 6 ஆண்டுகளில் 4 என்று இன்னும் இறுக்கமாக இருந்தது. நாள் கணக்கை எங்கள் ஆட்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். விருந்துகளிலும் அதைத்தான் கதைப்பார்கள். வரிக் கணக்கைப் பற்றி ஒருவர்கூட எனக்கு வாய் திறந்து சொல்லவில்லை.

அமெரிக்கா ஓடுகிறவர்களுக்கு நாள் கணக்கும் தலையிடிதான், ஆனால் பயப்படத் தேவையில்லை. எல்லை கடந்து போன நாளும் திரும்பி வந்த நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். லொறியின் மின்பதிவேட்டிலிருந்து பயணங்களை எடுத்து எழுதினால் சரி.

2015, 2016 இரண்டு வருடமும் நான் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் சம்பளத்துக்கு நின்றேன். சம்பளச் சீட்டான ரீ4 வந்தது, படிவம் போட்டேன், அறிவித்தல் வந்தது. 2017இல் ஏஸெட் லைசென்ஸ் எடுத்து ஒரு லொறிக் கொம்பனிக்குப் போனேன். சம்பளப் பட்டியலில் சேர்க்க மாட்டார்களாம். உன் பெயரில் ஒரு கொம்பனி பதிந்துகொண்டு வா, அந்தக் கொம்பனிக்குத்தான் காசு போடுவோம் என்றார்கள். அவர்கள் லொறி, அவர்கள் சுமை, அவர்கள் சொல்லும் நேரம். ஆனால் நான் அவர்களுடைய தொழிலாளி இல்லையாம். ஓய்வூதியத்துக்கோ வேலையிழப்புக் காப்புறுதிக்கோ அவர்கள் தம் பங்கு கட்டத் தேவையில்லை, விடுமுறைச் சம்பளமும் இல்லை. ஒன்ராறியோவில் இதை அறியாத சாரதி இல்லை. வீட்டு வாடகை கட்ட வேண்டியவனுக்கு மறுக்கிற வசதியும் இல்லை.

கொம்பனி பதிய அவர்களே ஒரு கணக்குப் பிள்ளையைக் காட்டினார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். ஒவ்வொரு இளவேனிலும் பற்றுச்சீட்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் என் வாயாலேயே கேட்டேன், என் வரி எல்லாம் சரியா என்று. "எல்லாம் போட்டாச்சு தம்பி, நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்பார். காசும் குறையாமல் வாங்கினார்.

அவர் போட்டது என் கொம்பனியின் வரிப் படிவம், ரீ2. நான் என்ற மனிதனின் படிவம் ரீ1. அதை 2017க்கும் போடவில்லை, 2018க்கும் போடவில்லை, 2019க்கும் போடவில்லை. கொம்பனி வங்கிக் கணக்கிலிருந்து நான் எடுத்த காசைச் சம்பளமாகக் காட்டி ரீ4 எழுதவில்லை, பங்கு இலாபமாகக் காட்டி ரீ5உம் எழுதவில்லை. பங்குதாரர் வாங்கிய கடன் என்று எழுதி வைத்திருந்தார். அப்படி எடுத்த கடனை, எடுத்த நிதியாண்டு முடிந்து ஒரு வருடத்துக்குள் கொம்பனிக்குத் திருப்பிக் கட்டாவிட்டால் அது எடுத்தவரின் வருமானமாகிவிடும். எனக்கு அந்தக் கடனைப் பற்றியே தெரியாது.

சிலர் இன்றைக்கும் கேட்கிறார்கள், நீர் பார்த்திருக்க வேண்டாமா என்று. கிழமையில் ஐந்து நாள் அம்பாசடர் பாலத்துக்கு அங்கால் அமெரிக்காவில் நிற்கிறவன் கணக்காளரிடம் கேட்டு, கணக்காளருக்குக் காசும் கொடுத்த பிறகு வேறு யாரைப் போய்க் கேட்பது? எங்களுக்கு அப்போது பிள்ளைகளும் இல்லை. இருந்திருந்தால் இது முதல் வருடமே வெளித்திருக்கும். கணவன் மனைவி இருவரில் ஒருவர் படிவம் போடாவிட்டாலும் யூலையில் பிள்ளைக் கொடுப்பனவு நின்றுவிடும்.

2020 இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தேன். அந்தப் படிவத்தில் வருடம் வருடமாக ஒரு அட்டவணை இருக்கிறது: வரிப் படிவம் போட வேண்டியிருந்ததா, போட்டீர்களா. எல்லாவற்றுக்கும் ஆம் என்று குறித்தேன், எனக்குச் சொல்லப்பட்டது அதுதான். அதே படிவத்தில் சின் நம்பரை வைத்து வரித் தகவலைச் சரிபார்க்கச் சம்மதமும் கொடுக்கிறோம். பிறகு ஒரு கடிதம் வந்தது, மதிப்பீட்டு அறிவித்தல்களை அனுப்பச் சொல்லி. 5 ஆண்டுகளில் என்னிடம் இருந்தவை இரண்டு.

கணக்குப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். "அது உன்ர பேர்சனல் ரக்ஸ் எல்லோ தம்பி. அதை ஆர் என்னட்டைத் தந்தது?" என்றார். இந்த ஒரு வசனத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு வழக்கறிஞரின் ஆலோசனைப்படி நடந்ததை எழுதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். பொய் சொன்னதாக முடிவாகியிருந்தால் 5 ஆண்டுகளுக்குக் குடியுரிமை கிடையாது, அதுதான் பெரிய பயம். குடியுரிமை உரிமைக் கட்டணம் 100 டொலர் திரும்பி வந்தது. பரிசீலனைக் கட்டணம் 530 டொலர் போனது போனதுதான்.

பிறகு பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் போய், வங்கிக் கூற்றுகளையும் லொறிக் கொம்பனி தந்த கொடுப்பனவுத் தாள்களையும் வைத்து மூன்று வருடத்தையும் கட்டியெழுப்பினோம். பிந்திப் போடும் படிவத்துக்கு, கட்ட வேண்டிய வரியில் 5 வீதம் தண்டம். அதற்கு மேல் முழு மாதம் ஒவ்வொன்றுக்கும் 1 வீதம், 12 மாதம் வரை. வட்டி நாளுக்கு நாள் கூட்டு வட்டி. வரி எதுவும் கட்ட இல்லாவிட்டால் இந்தத் தண்டமும் இல்லை. முகவரகம் உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்களாகப் போனால் தண்டத்தைத் தளர்த்தும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. விடுபட்ட வருடம் இருந்தால் அதைப் பற்றி இன்றைக்கே கேளுங்கள்.

பிறகு படிவம், காத்திருப்பு, 'டிஸ்கவர் கனடா' புத்தகம், 20 கேள்வியில் 15 சரியாக எழுத வேண்டிய பரீட்சை, சத்தியப்பிரமாணம். இவற்றில் எழுத ஒன்றுமில்லை. வரி ஒழுங்காக இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முகவரகத்தின் இணையக் கணக்கை உங்கள் பெயரில் நீங்களே திறந்து, ஒவ்வொரு வருடத்துக்கும் மதிப்பீட்டு அறிவித்தல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கணக்காளர் அச்செடுத்துத் தரும் படிவப் பிரதி ஒன்றையும் நிரூபிக்காது. அச்செடுக்க அனுப்பியிருக்கத் தேவையில்லை. கொம்பனி வைத்திருக்கிறவருக்கு யூன் 15 வரை நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பதியாமல் சுயதொழில் செய்கிறவருக்கு. உங்களுக்கு ஏப்ரல் 30. யாழ்ப்பாணத்து வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையையும் காட்டுங்கள். கனடாவில் வசிக்கிறவருக்கு உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் வருமானம் வருமானம்தான்.

"போட்டால்தான் கட்ட வரும், சும்மா விடு" என்று எனக்குப் புத்தி சொன்ன உறவினர்கள் இருக்கிறார்கள். குடியுரிமைச் சட்டம் கேட்பது படிவம் போட்டதையே. கட்ட வழியில்லாவிட்டாலும் போடுங்கள், தவணைக்கு முகவரகத்தோடு கதைக்கலாம். மனைவிக்கு வருமானம் இல்லாமல், படிவம் போடும் கடமையும் இல்லாமல் இருந்த வருடம் அவருடைய விண்ணப்பத்துக்குத் தடையாகாது. ஆனாலும் அவருக்கும் போடுங்கள். வரும் கொடுப்பனவுகளை ஏன் விட வேண்டும்?

கடைசியாக, அந்த இணையக் கணக்கில் 'அதிகாரமளிக்கப்பட்ட பிரதிநிதிகள்' என்றொரு பக்கம் இருக்கும். உங்கள் விடயங்களைப் பார்க்கவும் கதைக்கவும் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பது அதில் தெரியும். என் கொம்பனிக் கணக்கில் அந்தக் கணக்குப் பிள்ளையின் பெயர் இருந்தது. அதை நானே நீக்கிவிட்டு, அவர் வைத்திருந்த கோப்புகளை எழுத்தில் கேட்டு வாங்கினேன். 6 வருடத்துக்கு அவற்றை வைத்திருக்கும் கடமை எங்களுடையது. அவருடைய அலுவலகத்தில் இருக்கும் பெட்டிக்கு உத்தரவாதம் இல்லை.