புகைப்பதை விட மனம் இசையாதவர்

விடியுமுன் பெரட்டு முடிந்து, மரமும் சீவியாயிற்று. பால் வடிந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையில்தான் சிகரெட் பற்றவைக்கப்படுகிறது. கொசு அண்டாது என்பார் ஒருவர். களைப்பு நீங்கும் என்பார் மற்றொருவர். செம்பனைக் குலை வெட்டுவோரிடையிலும் இவ்வழக்கத்தைக் காண்கிறோம். இவர்களிடம் "இன்றே விட்டுவிடுங்கள்" என்றால் சிரித்துத் தலையசைப்பார்கள், மறுநாளும் பற்றவைப்பார்கள்.

தீங்கு அறியாமல் எவரும் புகைப்பதாக நாம் கருதவில்லை. சிகரெட் பெட்டியின் மீதே நோயுற்ற உடலின் படம் இருக்கிறது. 2019 முதல் உணவகங்களில் புகைக்கத் தடையும் இருக்கிறது. சட்டம் அருகிலிருப்போரைக் காக்கும். புகைப்பவரின் மனத்தை மாற்றுவது வேறு வேலை.

புரொச்சாஸ்கா, டிக்ளமெண்டே என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், புகைப்பதை விட்டவர்களை ஆராய்ந்து 1983இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். பழக்கத்தை விடுதல் ஒரே தாவலில் நிகழ்வதன்று. எண்ணாதிருத்தல், எண்ணிப் பார்த்தல், செயலில் இறங்குதல், அதில் நிலைத்தல் எனப் படிப்படியாக நிகழ்வது. முதற்படியில் நிற்பவரை மூன்றாம் படிக்கு இழுத்தால் அவர் முரண்டு பிடிக்கிறார். இல்லத்தரசியின் நச்சரிப்பு பலிக்காததற்கும் இதுவே காரணம்.

ஏசுவதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்கலாம். "விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை போடுவீர்கள்?" அவர் மூன்று என்றால், "ஏன் ஒன்று என்று சொல்லவில்லை?" என்று வினவுங்கள். இரவு இருமலையும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பேரப்பிள்ளையையும் அவரே சொல்லத் தொடங்குவார். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டுவிட்டாலோ, அவர் தம் சிகரெட்டுக்கு வழக்கறிஞராகிவிடுவார்! அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, அன்றைக்கு அத்துடன் நிறுத்திக்கொள்வது நலம்.

கணக்கையும் அவரையே போடச் சொல்லலாம். ஒரு பெட்டி 17 ரிங்கிட், நாளுக்கு ஒன்று எனக் கொண்டால் மாதம் 510 ரிங்கிட். 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் இது பத்தில் மூன்று பங்கு. மலிவான கள்ளச் சிகரெட் வாங்குபவருக்கு இக்கணக்கு பொருந்தாதுதான். நுரையீரலுக்கோ இரண்டும் ஒன்றே.

புகைத்தால் மனம் அமைதியடைகிறது என்பதில் ஒரு மயக்கம் உண்டு. இரவு முழுவதும் நிக்கோட்டின் கிடைக்காத உடல் காலையில் தவிக்கிறது. முதல் சிகரெட் அத்தவிப்பைத் தணிக்கிறது. அதை உண்டாக்கியதும் சிகரெட்டே. ஆகவே முதல் சிகரெட்டை அரை மணி நேரம் தள்ளிப்போட அவர் இசைந்தாலே அது நல்ல தொடக்கம். பற்றவைக்கும் ஆவல் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதை அவரே கண்டுகொள்வார். வீட்டினுள் புகைப்பதில்லை என்பதையும் கேட்டுப் பெறலாம். பிள்ளைகளுக்கு அது உடனே கிடைக்கும் நன்மை. ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பவர் சிலர் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து ஈடுகட்டிவிடுவதும் உண்டு. வெற்றிலை பாக்குக்கு மாறுவதும் வழியாகாது. பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகிறது.

"இத்தனை வயதுக்குமேல் என்ன பயன்?" என்போர் பலர். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் விடையளித்தனர். அறுபது வயதில் விட்டவருக்குச் சுமார் 3 ஆண்டுகளும், ஐம்பதில் விட்டவருக்கு 6 ஆண்டுகளும், நாற்பதில் விட்டவருக்கு 9 ஆண்டுகளும் ஆயுள் கூடியதாக அவர்கள் கண்டனர்.

அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது. சிறிது சிறிதாகக் குறைக்க விரும்புவோருக்கு நிக்கோட்டின் மெல்லும் பசை உதவக்கூடும். அதைப் பற்றி அங்கே கேட்கலாம். அங்குச் செல்ல "விடப் போகிறேன்" என்ற சபதம் வேண்டியதில்லை. இருமலுக்கு மருந்து வாங்கப் போகும் நாளில் நாமும் உடன்சென்று, அந்தப் பிரிவு எந்த அறையில் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.