ஒருமுறை வந்த நோய் மறுமுறை வருவது ஏன்?

குழந்தைகள் பிரிவுக்கு வரும் பெற்றோரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "சென்ற ஆண்டுதான் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வந்து ஆறியது. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்றார்களே, இப்போது ஏன் மீண்டும் வந்தது?" மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலும் பலர் இந்நோயை அம்மையின் ஒருவகை என்றே கருதுகின்றனர். தட்டம்மை ஒருமுறை கண்டவரைப் பெரும்பாலும் மீண்டும் அண்டுவதில்லை என்பதால், அவர்கள் வினாவில் நியாயம் உள்ளது. இதற்கான விடையை அறிந்துகொண்டால், குழந்தையின் தடுப்பூசி அட்டையில் உள்ள ஒரு முக்கியமான வரியின் பொருளும் விளங்கும்.

எதிர்ப்பொருள் எதனை அறிகிறது?

கை, கால், வாய் நோயை உண்டாக்குபவை என்டெரோவைரஸ் என்னும் குழுவைச் சேர்ந்தவை. இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவை உண்டாக்கும் வைரஸும் இக்குழுவைச் சேர்ந்ததே. இவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதாயிரம் அடங்கும். உள்ளே மரபுச் செய்தியைத் தாங்கிய ஓர் இழையும், வெளியே புரதத்தாலான ஓடும் மட்டுமே இவற்றின் உடல்.

நோய் வந்தபோதோ தடுப்பூசி போட்டபோதோ நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், அந்த ஓட்டின் மேடுபள்ளங்களை அடையாளம் கண்டு பற்றிக்கொள்கிறது. அவ்வாறு பற்றப்பட்ட வைரஸ் உடலின் உயிரணுவுக்குள் நுழைய இயலாது. ஆனால், ஓட்டின் உள்ளே இருக்கும் மரபு எழுத்துகளை எதிர்ப்பொருள் படிப்பதில்லை. ஆகவே, எழுத்துகள் பல மாறியிருந்தும் ஓடு மாறாதிருந்தால் பழைய எதிர்ப்பொருளே காக்கும். ஓட்டின் அமைப்பே வேறாக இருந்தால் அது காக்காது.

போலியோ கற்பித்த பாடம்

இதற்குச் சிறந்த சான்று போலியோவே. இன்றும் ஊசி மருந்தில் பயன்படும் முதலாம் வகையின் மஹோனி என்னும் வைரஸ் 1941-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. அதன் பின்னர் இந்தியாவில் பரவிய முதலாம் வகை வைரஸ்களின் மரபு எழுத்துகள் அதனினும் பெரிதும் வேறுபட்டிருந்தன. ஓட்டுப் புரதத்திற்குரிய எழுத்துகளில் 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் அதனைத் தனி மரபுக்கிளை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். அத்தனை வேறுபாடு இருந்தும், பழைய வைரஸைக் கொண்டு செய்த மருந்தே புதிய கிளைகளையும் தடுத்தது.

ஆயினும் போலியோவில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகைக்குரிய எதிர்ப்பொருள் இரண்டாம், மூன்றாம் வகைகளிடமிருந்து ஒரு குழந்தையைக் காப்பதில்லை. அதனாலேயே மூன்றையும் சேர்த்துச் சொட்டு மருந்து வழங்கப்பட்டது. மூன்று தவணை மட்டும் நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் போதாது என்பதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே எடுத்துக்காட்டினார்.

இந்தியாவில் இயற்கையான இரண்டாம் வகை கடைசியாகக் காணப்பட்டது 1999-இல், அலிகரில். போலியோவால் தாக்கப்பட்ட கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ இல்லாத நாடெனச் சான்று பெற்றது.

அட்டையில் உள்ள அந்த வரி

2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை நீக்கப்பட்டது. இப்போது வழக்கமாக வழங்கப்படும் சொட்டு மருந்து முதலாம், மூன்றாம் வகைகளுக்கு மட்டுமே உரியது. இரண்டாம் வகைக்கான பாதுகாப்பு போலியோ ஊசியின் வழியாகவே குழந்தைக்குக் கிடைக்கிறது. பிறந்த 6-ஆம் வாரத்திலும், 14-ஆம் வாரத்திலும், 9-ஆம் மாதத்திலும் மேற்கையில் போடப்படும் அச்சிறு ஊசியே அது.

"சொட்டு மருந்துதான் கொடுத்துவிட்டோமே" என்று இவ்வூசியைத் தவறவிடுதல் கூடாது. 2022-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஒருவரை இரண்டாம் வகையே முடக்கியது. அதே ஆண்டில் லண்டன் நகரக் கழிவுநீரிலும் அது காணப்பட்டது. அட்டையில் அந்த வரி வெறுமையாக இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சொட்டு மருந்தையும் நிறுத்த வேண்டாம். இரண்டும் தேவை.

கொப்புளம் மீண்டும் வருவது இதனால்தான்

கை, கால், வாய் நோய்க்குக் காரணமான வைரஸ் ஒன்றன்று. காக்சாக்கி ஏ16, காக்சாக்கி ஏ6, காக்சாக்கி ஏ10, என்டெரோவைரஸ் ஏ71 ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 2022-இல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பேசப்பட்டபோது, அங்கிருந்து பிரிட்டன் திரும்பிய இரு குழந்தைகளிடம் காணப்பட்டது காக்சாக்கி ஏ16. சென்ற ஆண்டு ஒரு வகையால் நோயுற்ற குழந்தை இவ்வாண்டு மற்றொரு வகையால் நோயுறலாம். அது குழந்தையின் எதிர்ப்பாற்றல் குன்றியதன் அடையாளமன்று. வளர்ப்பில் குறை என்று தாயை நோவதற்கும் இதில் இடமில்லை.

சீனாவில் ஏ71 வகைக்குத் தடுப்பூசி உண்டு. சி4 என்னும் ஒரே மரபுக்கிளையிலிருந்து செய்யப்பட்ட அதனால் உருவாகும் எதிர்ப்பொருள், அவ்வகையின் பிற கிளைகளையும் ஆய்வகத்தில் கட்டுப்படுத்தியது. ஆனால் ஏ16 வகையால் வந்த நோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை. போலியோ கற்பித்த பாடமே இங்கும் மெய்யாயிற்று. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் அது இடம்பெறவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

இந்நோய் பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் தானே தணியும். ஆண்டிபயாடிக் மருந்து வைரஸின் மேல் வேலை செய்யாது. காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் கூடாது. வாய்ப்புண் இருக்கும்வரை காரமும் புளிப்பும் தவிர்த்து, ஆறிய கஞ்சி, இளநீர், குழைந்த சோறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாசலில் வேப்பிலை செருகுவதில் தீங்கில்லை. அம்மை என்று எண்ணி உணவையும் மருந்தையும் நிறுத்துவதே தீங்கு.

கொப்புளம் ஆறிய பின்னும் மலத்தில் வைரஸ் சில வாரங்கள் வெளியேறும். கழிப்பறைக்குப் பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்னும், உணவு ஊட்டும் முன்னும் சோப்பும் நீரும் கொண்டு கைகளை நன்கு கழுவுங்கள். சானிடைசர் மட்டும் இவ்வைரஸுக்குப் போதாது. காய்ச்சல் நீங்கிக் கொப்புளம் காயும்வரை குழந்தையை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அனுப்ப வேண்டாம்.

உறக்கத்தில் அடிக்கடி தூக்கிப்போடுதல், ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு, வேகமான மூச்சு, சிறுநீர் குறைதல், கை அல்லது கால் தளர்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். 15 வயதுக்கு உட்பட்டோருக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தால், போலியோ இல்லை என்பதை உறுதிசெய்ய இருமுறை மலப் பரிசோதனை கேட்கப்படும். அதற்கு மறுக்காமல் ஒத்துழையுங்கள். நம் நாடு பெற்ற அந்தச் சான்று நிலைத்திருப்பது இத்தகைய பரிசோதனைகளால்தான்.