மேலுடற் பளுப்பயிற்சி

சரீர வலிமையை விரும்பித் தொடங்குவோர் பலர், முதல் நாளிலேயே பெரும்பளுவைத் தூக்கித் தோள் நொந்து, மறுவாரமே பயிற்சியைக் கைவிடுகின்றனர். குறை ஊக்கத்தில் அன்று, முறையில் உள்ளது.

மேலுடலின் தசைகள் தொழிலால் இருவகைப்படும். மார்பும் மேற்கையின் பின்புறமும் தள்ளுவன. முதுகும் மேற்கையின் முன்புறமும் இழுப்பன. ஆதலின் தள்ளும் பயிற்சி ஒன்றிற்கு இழுக்கும் பயிற்சி ஒன்று அமைக. பெருந்தசைகளை முன்னும் சிறுதசைகளைப் பின்னும் பயில்க. கை முன்னரே களைப்பின், மார்பும் முதுகும் முழுப்பயன் பெறா.

அளவு யாதெனின், அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945-இல் வெளியிட்டு, 1948-இல் வாட்கின்ஸ் என்பாருடன் திருத்தியமைத்த முறையைக் கொள்ளலாம். பத்து முறை மட்டுமே தூக்கவல்ல பளுவை அறிந்து, முதலில் அதன் பாதியையும், அடுத்து முக்காற்பங்கையும், முடிவில் முழுமையையும் பப்பத்து முறை தூக்குக. அப்பளு 20 கிலோ எனின், வரிசை 10, 15, 20 ஆகும். பத்திற்கு மேலும் எளிதில் இயலும் நாளிற் பளுவைச் சிறிது கூட்டுக.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், இடைநாள் ஓய்வுக்குரியது. மூட்டில் கூரிய நோவு தோன்றின் உடனே நிறுத்துக. எழுத்தறிந்து பின் நூல் கற்ற நமக்கு, இப்படிமுறை புதிதன்று.