காணுதலும் காணப்படுதலும்

இரவில் மிதிவண்டி செலுத்துவோர்க்கு விளக்கு எதன்பொருட்டு வேண்டும் என்று நம் மாணவரை வினவினால், "வழியைக் காண்பதற்கு" என்றே பெரும்பாலார் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, எனினும் அது பாதி விடையேயாம். வழியைக் காண்பது ஒன்று. வழியிற் செல்லும் பிறரால் நாம் காணப்படுவது மற்றொன்று. தெருவிளக்கு நிறைந்த நகரத்தில் முன்னதற்கு விளக்கு வேண்டாமற் போகலாம். பின்னதற்கோ எவ்விடத்தும் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் கேடு சிறிதன்று. ஆதலின் அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

சில ஆண்டுகட்கு முன், கார்த்திகைத் திங்களில் மழை விட்ட ஒரு மாலைப்பொழுதில், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் நூல்நிலையத்தினின்றும் விடுதிக்கு மிதிவண்டியில் திரும்பினார். அணிந்திருந்தது கருஞ்சட்டை, வண்டியில் விளக்கில்லை. சாலை வளைவில் பின்னே வந்த லாரி ஒன்று அவரை மோதித் தள்ளிற்று. உயிர் பிழைத்தார், ஆயினும் ஓராண்டுப் படிப்பு வீணாயிற்று, இன்றும் வலக்காலைச் சற்றுச் சாய்த்தே நடக்கின்றார். மருத்துவமனை வாயிலில் அமர்ந்திருந்த லாரியோட்டி நம்மைக் கண்டதும், "ஐயா, சத்தியமாக நான் பார்க்கவில்லை" என்று கண்ணீர் விட்டார். உள்ளே கிடந்த மாணவரோ, "ஐயா, லாரி வருவது எனக்கு நன்றாகத் தெரிந்தது, அதன் வெளிச்சம் எனக்கு முன்னே சாலையில் விழுந்தது, ஆகையால் அவருக்கும் நான் தெரிவேன் என்று எண்ணிவிட்டேன்" என்றார். இருவர் கூற்றும் மெய்யே. மூன்றாவதாக மற்றொரு மெய்யும் உண்டு. அம்மாணவரது வண்டியின் பின்புறத்துச் சிவப்பு வில்லை உடைந்து விழுந்துவிட்டதை அன்று காலையில் நாமே கண்டோம். சொல்லவேண்டும் என்று நினைத்தோம், பிறகு மறந்தோம். இக்கட்டுரை எழுந்ததன் காரணம் அதுவே.

1. காணாமைக்குக் காரணம்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். தடையொன்றைக் கண்டு, இன்னதென உணர்ந்து, தடைக்கட்டையின்மேல் காலை வைப்பதற்கு ஓட்டுநர்க்கு ஒன்றரை நொடியேனும் செல்லும்; அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் உலர்ந்த சாலையில் வண்டி நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக 45 மீட்டருக்கு அப்பாலே கண்டால்தான் மோதாமல் நிற்க இயலும். ஈரச் சாலையாயின் இத்தொலைவு இன்னும் மிகும். ஆனால், தாழ்த்திய முன்விளக்கின் ஒளியில், கருநிற உடை அணிந்தவர் 30 மீட்டர் அளவில் நெருங்கிய பின்னரே பலவேளைகளில் கண்ணுக்குப் புலப்படுகின்றார். இவ்விரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமையே விபத்து என்க.

இனி, மிதிவண்டியில் செல்பவரது நிலையைப் பாருங்கள். இருட்டில் இருக்கும் அவருக்கு லாரியின் விளக்கு இரண்டு சிறு கதிரவன்போல் தோன்றும். தமக்கு அது அத்துணைத் தெளிவாகத் தெரிவதால், அதற்கும் தாம் தெரிவதாக அவர் மயங்குகின்றார். எதிரே வரும் மற்றொரு வண்டியின் ஒளி லாரியோட்டியின் கண்ணைக் கூசச் செய்வதை அவர் அறியார். பேரொளியில் பட்ட கண் மீண்டும் இருளுக்கு முற்றும் பழக அரைமணி நேரம் வரையிற் செல்லும் என்பது உடல்நூலார் கண்ட உண்மை. ஆகவே, காணப்படுதற்குரிய முயற்சி காணப்படவேண்டியவரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

2. வந்த வழியே மீளும் ஒளி

ஒரு பொருளின்மேல் பட்ட ஒளி மூன்று வகையாகத் திரும்பும். வெள்ளைச் சுவரில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். ஆதலின் பார்ப்பவர் கண்ணுக்கு அதில் மிகச் சிறு பங்கே சேரும். நிலைக்கண்ணாடியில் பட்டது ஒரே திசையில் செல்லும். ஆனால் கண்ணாடி சற்றே சாய்ந்திருப்பின் ஒளி வேறெங்கோ போய்விடும். மூன்றாவது வகை, எத்திசையினின்று வந்ததோ அத்திசைக்கே மீள்வது. 'ரிப்ளெக்டர்' என வழங்கும் சிவப்பு வில்லை செய்வது இதுவே.

இதன் இயல்பைக் கேரம் பலகையில் காணலாம். மூலையை நோக்கி அடித்த காய் ஒரு பக்கச் சட்டத்தில் பட்டு, உடனே அடுத்த சட்டத்திலும் பட்டால், தான் வந்த திசைக்கு இணையாகவே மீளும். இரண்டு சட்டங்களுக்குப் பதிலாக, ஒன்றற்கொன்று செங்குத்தாக மூன்று கண்ணாடிகளை, ஓர் அறையின் மூலைபோல் அமைத்தால், எப்பக்கத்தினின்று வந்த ஒளியும் அவ்வாறே மீளும். வில்லையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் இத்தகைய நுண்ணிய மூலைகள் வரிசை வரிசையாக அமைந்திருத்தல் தெரியும். 1969-ஆம் ஆண்டில் அப்போலோ 11-இல் சென்றவர்கள் இதே அமைப்புடைய 100 படிகங்கள் கொண்ட பலகை ஒன்றைச் சந்திரனில் வைத்து வந்தனர். பூமியிலிருந்து செலுத்தும் லேசர் ஒளி அதிற் பட்டு மீள்வதைக் கொண்டு சந்திரனது தூரத்தை அளக்கின்றனர். நம் வண்டியின் பின்னே மண் படிந்து கிடக்கும் சிறு வில்லைக்கு இத்துணைப் பெரிய உறவினர் உண்டு!

துணியிலும் நாடாவிலும் ஒட்டும் வெள்ளிநிறப் பட்டைகளில் பெரும்பாலும் மூலைகளுக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி மணிகள் உள்ளன. மணியின் முன்புறத்தில் நுழைந்த ஒளி வளைந்து, பின்புறத்தில் குவிந்து, அங்கே பிரதிபலித்து, வந்த வழியே திரும்பும். பூனையின் கண் இருளில் மின்னுவதும் ஏறக்குறைய இம்முறையாலேயே. இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர் 1934-இல் உரிமை பெற்ற சாலைக் கண்ணாடிக் குமிழ்கள் 'பூனைக்கண்' என்றே பெயர் பெற்றன.

இதனை மாணவர் தாமே சோதித்தறியலாம். இருண்ட மைதானத்தில் ஒரு மிதிவண்டியை நிறுத்தி, பத்து மீட்டர் விலகி, கைவிளக்கைக் காதோரம் பிடித்து அதன்மேல் ஒளி வீசுக. வில்லை தழல்போல் ஒளிரும். பிறகு அக்கைவிளக்கை இரண்டு மூன்று அடி எடுத்துவைத்து விலகி நிற்கும் நண்பரிடம் கொடுத்து, அவரை வீசச் சொல்லிப் பார்க்க. வில்லை மங்கிவிடும், ஒளியோ நண்பர் கண்ணுக்கே செல்லும். இச்சிறு சோதனையால் வில்லையின் வலிமையும் குறையும் ஒருங்கே விளங்கும். தன்மேல் விளக்கொளி படும்வரை அது குருடு. குறுக்குத் தெருவிலிருந்து வரும் மோட்டாரின் விளக்கு நேரே பார்த்துக்கொண்டிருக்கும். நம்மேல் அது படும்பொழுது காலம் கடந்திருக்கும். நடந்து செல்பவரிடமோ விளக்கே இராது. ஆகவே வில்லை விளக்கிற்குத் துணையாகுமேயன்றி விளக்கிற்கு ஈடாகாது.

3. பகலில் ஒளிரும் நிறங்கள்

சாலைப் பணியாளர் அணியும் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிற உடைகள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் சாயம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களை ஏற்று, அவற்றைப் புலனாகும் ஒளியாக மாற்றி வெளிவிடுகின்றது. ஆகவே பகலிலும், மேகம் மூடிய வேளையிலும், அந்தியிலும் இவை நன்கு விளங்கும். கதிரவன் மறைந்தபின் ஊதாக் கதிருக்கு இடமேது? மஞ்சள் ஒளி வீசும் சோடியம் தெருவிளக்கின்கீழ் இவ்வுடை வெறும் வெளிறிய துணியாகிவிடும். "பளிச்சென்ற சட்டை அணிந்தோம், இனி அச்சமில்லை" என்று இரவில் எண்ணுவது தவறு. வெள்ளிப் பட்டை தைத்த மஞ்சள் உடையே இருபொழுதுக்கும் உதவுவதாம்.

4. விளக்குகள்

மண்ணெண்ணெய் விளக்கும், கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்ட எழும் அசெட்டிலீன் வாயு விளக்கும் மிதிவண்டியின் பழைய துணைவர். மின்சாரத்திற்கு வழிகாட்டியவர் மைக்கேல் பாரடே; 1831-இல் அவர் கண்டறிந்த காந்தத் தூண்டல் விதியின்படியே, சக்கரத்தை உரசிச் சுழலும் டைனமோ இயங்குகின்றது. விளக்கில்லாமற் செல்வோரைக் காவலர் பிடித்து அபராதம் விதித்த காலத்தில், அவர் நிற்கும் மூலைக்கு முன்னே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அப்பால் ஏறிச்சென்ற சாமர்த்தியசாலிகளை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். காவலரை ஏமாற்றுவது எளிது. லாரியை ஏமாற்ற இயலாது.

டைனமோவின் குறை, வண்டி நின்றால் விளக்கும் அணைதலே. நாற்சந்தியில் காத்து நிற்கும்பொழுதன்றோ விளக்கு மிக வேண்டப்படுவது! சிறிது மின்சாரத்தைச் சேமித்து வைத்து, நின்றபின்னும் சில நிமிடம் ஒளிதரும் அமைப்புகள் இக்குறையைத் தீர்த்தன. மின்கலத்தால் எரியும் எல்.இ.டி. விளக்குகளோ விரலளவினவாயினும் நெடுந்தொலைவு தெரிவன. வெள்ளை எல்.இ.டி.க்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யை ஆக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவர்க்கும் 2014-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

விளக்கு வெறும் ஒளியன்று. அது ஒரு மொழியுமாம். வெள்ளை "நான் உன்னை நோக்கி வருகிறேன்" என்றும், சிவப்பு "நான் உனக்கு முன்னே செல்கிறேன்" என்றும் உரைக்கும். சிமிட்டும் விளக்கு கவனத்தை விரைவில் ஈர்க்கும். ஆயினும் அதன் தூரத்தையும் வேகத்தையும் மதிப்பது கடினம். இதனாற்போலும் ஜெர்மனியில் மிதிவண்டிக்குச் சிமிட்டும் விளக்கு விலக்கப்பட்டுள்ளது. பிரிட்டனிலோ 2005-இல் அனுமதிக்கப்பட்டது. நிலையாக எரியும் விளக்கு ஒன்றுடன் சிமிட்டுவது ஒன்றும் சேர, இரண்டு வைத்தல் நலம் என்பது நம் கருத்து.

5. விளையாட்டு விளக்குகளின் பயன்

நிற்க. இளைஞர் உள்ளம் அழகை நாடும். சக்கரக் கம்பிகளில் வண்ணமணி கோத்தும், கைப்பிடியில் குஞ்சம் கட்டியும் மிதிவண்டியை மணப்பெண்போல் அலங்கரித்தல் நம் ஊர்களிற் பழகிய காட்சியே. இந்நாளில் கம்பியிற் பொருத்தும் வண்ண விளக்குகளும், சட்டத்தைச் சுற்றும் விளக்குச் சரங்களும், கம்பிமேல் செருகும் ஒளிக்குழல்களும் கடைகளில் மலிந்துள்ளன. இவற்றைக் கண்டு பெரியோர் நகைப்பதுண்டு. நாமும் நகைத்தோம், ஆராய்ந்தபின் நகைப்பை விட்டோம்.

முன்விளக்கும் பின்விளக்கும் பக்கத்திலிருந்து வருவோர்க்கு நன்கு தெரிவதில்லை. சக்கர விளக்கோ பக்கத்திற்கே உரியது. கண்ணில் பட்ட ஒளி உடனே மறையாமையால், விரைந்து சுழலும் ஒரு புள்ளி முழு வட்டமாகத் தோன்றும். இரண்டு ஒளிவட்டங்கள் உருண்டு வரக் கண்டால், அது மிதிவண்டியே என்பதில் எவர்க்கும் ஐயம் எழாது. நெதர்லாந்தில் சக்கரங்களில் ஒளி மீட்கும் வளையம் இருத்தல் வேண்டும் என்று சட்டமே உள்ளது. இன்னும் கேளுங்கள்: சுவீடன் நாட்டு உளநூலார் குன்னர் யோஹான்சன், மனிதரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கச்செய்து ஆராய்ந்ததை 1973-இல் வெளியிட்டார். அப்புள்ளிகள் அசைந்த மாத்திரத்தில் பார்ப்போர் அவற்றை மனித நடையென அறிந்துகொண்டனர். ஆதலின் முதுகிற் கிடக்கும் பட்டையினும், மிதிகட்டையிலும் கணுக்காலிலும் மேலும் கீழும் ஆடும் சிறு பட்டை, "இங்கே மனிதன் ஒருவன் செல்கிறான்" என்று விரைவில் அறிவிக்கும்.

விதிகள் இரண்டே. முதலாவது, அலங்கார விளக்கு உண்மை விளக்குக்குப் பதிலாகாது. இரண்டாவது, நிறத்தின் மொழியைக் குழப்பலாகாது. முன்புறம் சிவப்பும், காவலர் வண்டிபோல் நீலச் சிமிட்டலும் வேண்டா.

6. அனுபவம் காட்டும் பயன்

டென்மார்க்கு நாட்டின் ஒடென்ஸ் நகரில் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் 3,845 மிதிவண்டியாளரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. சக்கரத்திற் பொருத்திய காந்தத்தால் பகலும் இரவும் எரியும் விளக்குகளைப் பெற்றவரிடையே, காயம் நேர்ந்த விபத்துகள் மற்றவரினும் 19 சதவீதம் குறைந்தன. அந்நாட்டிலேயே பின்னர் 6,793 பேரைக் கொண்டு மஞ்சள் மேற்சட்டை ஆராயப்பட்டது. பிறரோடு மோதிக் காயமுற்ற விபத்துகள் 47 சதவீதம் குறைந்தன. விபத்துகளைத் தாமே எழுதியனுப்பியோரின் சார்பைக் கழித்தும் 38 சதவீதம் நின்றது. இந்திய அரசாங்கமும் மிதிவண்டி ஒளிமீட்பு வில்லைகளின் தரத்தைக் குறித்து 2020-இல் ஆணை பிறப்பித்தது.

ஆகவே மாணவ நண்பர்காள்! முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, பக்கத்தில் சக்கர ஒளி, கணுக்காலில் ஒரு பட்டை: இவை நான்கும் இருத்தல் வேண்டும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் வில்லையைத் துடையுங்கள். மண் படிந்த வில்லை இல்லாத வில்லையே. அந்தியில், "இன்னும் இருட்டவில்லையே" என்னாது விளக்கை ஏற்றுங்கள். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

மேலும் ஒன்று. தம் வண்டியின் பின்விளக்கு எரிகின்றதா என்பதை அதன்மேல் அமர்ந்திருப்பவர் காண இயலாது. பின்னே வருபவரே காண்பர். உடைந்த வில்லையோ, அணைந்த விளக்கோ கண்ணிற் பட்டால், அறிமுகம் இல்லாதவராயினும் அருகிற் சென்று அப்பொழுதே சொல்லுங்கள். பிறகு சொல்லலாம் என்று நாம் ஒருகால் இருந்துவிட்டோம். நீங்கள் அவ்வாறு இராதீர்கள்.