வேரில் மறைந்த பகை

செடி வாடினால் நீர் பாய்ச்சுவதும், இலை வெளிறினால் எருவிடுவதும் உழவர் மரபு. அவ்விரண்டையும் குறைவறச் செய்தபின்னும் கத்தரியும் தக்காளியும் நண்பகலில் துவண்டு நிற்குமாயின் உழவன் யாது செய்வான்? மீண்டும் நீர் விடுவான். மீண்டும் கடன்பட்டு எருவிடுவான். ஈற்றில் தன் நிலத்தையோ ஊழையோ நோவான். நோய் இலையில் இல்லை, வேரில் உளது என்பதனை அவன் அறியான். அவ்வாறு வேரில் ஒளிந்து பயிரைக் கெடுக்கும் பகைகளுள் தலையாயது வேர்முடிச்சு நூற்புழு. அதன் இயல்பையும் அதனை அடக்கும் வழிகளையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவல். இலக்கியம் பயில்வானுக்குப் புழுவைப்பற்றி என்ன பேச்சு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். உழவனுக்குப் பயன்படும் அறிவு அவன் மொழியில் எழுதப்படாவிடின், அஃது இருந்தும் இல்லாததே என்பது அவர்க்கு என் விடை.

நூல்போல் மெலிந்து நீண்ட உடலுடைமையால் இவ்வினம் நூற்புழு எனப்பட்டது. மண்ணில் வாழும் நூற்புழுக்கள் யாவும் தீயன அல்ல. நுண்ணுயிர்களை உண்டு மண்ணுக்கு நலஞ்செய்வன பல. பயிரை உண்பனவற்றுக்கோ வாயில் ஊசிபோன்றதோர் உறுப்பு உண்டு. அதனால் வேரின் உயிரணுக்களைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகின்றன.

வேர்முடிச்சுப் புழுவை முதன்முதல் கண்டு எழுதியவர் ஒரு திருச்சபைக் குரு என்பது நம்மனோர்க்கு உவகை தருவதாம். இங்கிலாந்தில் கண்ணாடி மனையில் வளர்ந்த வெள்ளரியின் வேர்களில் முடிச்சுகளைக் கண்டு, 1855-ஆம் ஆண்டில் அவற்றின் காரணத்தை வெளியிட்டவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்னும் அக்குருவானவரே. 1887-இல் பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களை ஆராய்ந்த எமில் கெல்டி என்பார் இதற்கு மெலாய்டோகைனி எனப் பெயரிட்டார். ஆப்பிள் போன்ற வடிவுடைய பெண் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நம் நாட்டில் 1901-இல் நீலகிரியைச் சார்ந்த தேவாலாவில், தேயிலைச் செடியின் வேரில் இதனைக் கண்டவர் பார்பர் என்னும் தாவர நூலறிஞர். நெடுங்காலம் ஒரே இனமெனக் கருதப்பட்ட இப்புழுவைப் பல இனங்களாகப் பிரித்துக் காட்டியவர் சிட்வுட் என்னும் அமெரிக்க அறிஞர். அவ்வாராய்ச்சி வெளிவந்தது 1949-இல். நம் காய்கறிகளைப் பெரிதும் தாக்கும் இனத்தின் பெயர் இன்காக்னிட்டா. இலத்தீன் மொழியில் அறியப்படாதது என்பது அதன் பொருள். இப்பெயரின் பொருத்தம் பின்னர் விளங்கும்.

இனி அதன் வாழ்க்கையை நோக்குவாம். முட்டையினின்று வெளிவரும் இளம்புழு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளமே உடையது, வெறுங்கண்ணுக்குப் புலனாகாது. மண்துகள்களுக்கு இடையேயுள்ள ஈரப்படலத்தில் நெளிந்து சென்று, இளவேரின் நுனியருகே உட்புகுகின்றது. நீரும் உணவும் செல்லும் குழாய்களின் பக்கத்தை அடைந்ததும் ஓரிடத்தில் நிலைபெறுகின்றது. அது செலுத்தும் சுரப்பினால் அருகிலுள்ள சில உயிரணுக்கள் பலமடங்கு பருத்து, பல உட்கருக்களை உடையனவாகின்றன. பயிருக்குச் சேரவேண்டிய ஊட்டம் அவ்வுயிரணுக்களின் வழியாகப் புழுவுக்குச் செல்கின்றது. சுற்றியுள்ள பகுதி வீங்கி முடிச்சாகின்றது. பெண்புழு அசைவின்றிப் பருத்து, பேரிக்காய் வடிவங்கொண்டு, பசைபோன்றதோர் உறையுள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. இன்காக்னிட்டா இனத்துப் பெண்ணுக்கு ஆணின் துணையும் வேண்டுவதில்லை. வெப்பமான மண்ணில் இவையெல்லாம் ஏறக்குறைய ஒரு திங்களில் நிறைவுறுதலின், ஒரு பயிர்க்காலத்திலேயே பல தலைமுறைகள் தோன்றிவிடுகின்றன.

குழாய்கள் சிதைந்தமையால், மண்ணில் நீர் இருந்தும் செடியால் அதனை மேலேற்ற இயலவில்லை. ஆகவே செடி நண்பகலில் வாடி மாலையில் தெளிகின்றது; வளர்ச்சி குன்றி இலை வெளிறுகின்றது. வயல் முழுதும் ஒரே சீராக இன்றி ஆங்காங்கே திட்டுத்திட்டாகவே இக்குறை தோன்றும். புழு துளைத்த வேரில் வாடல்நோய்க் கிருமிகள் எளிதில் புகுதலும் உண்டு. இவ்வடையாளங்களுள் ஒன்றேனும் புழுவைக் காட்டவில்லை; யாவும் நீர்க்குறைவையும் எருக்குறைவையுமே காட்டுகின்றன. அறியப்படாமையே இப்பகைவனின் வலிமை.

ஆதலின் முதல் மருந்து வேரைப் பார்த்தலே. ஐயத்துக்குரிய செடியை இழுத்துப் பறித்தால் வேர் அறுந்து மண்ணில் தங்கிவிடும். சுற்றிலும் மண்ணை அகழ்ந்து மெல்ல எடுத்து நீரில் அலசுதல் வேண்டும். அவரை, உளுந்து முதலியவற்றின் வேரிலும் முடிச்சுகள் உண்டே எனின், அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் நன்முடிச்சுகள். அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். புழுமுடிச்சோ வேரே பருத்தது; வேரை அறுத்தாலன்றி நீங்காது. நண்பனையும் பகைவனையும் பிரித்தறிய இவ்வொரு சோதனை போதும்.

அடக்கும் வழிகளுள் முதலாவது, நாற்றங்காலைக் காத்தல். புழு தானே நெடுந்தூரம் செல்லமாட்டாது. நாற்றின் வேரிலும், பாயும் நீரிலும், கருவிகளில் ஒட்டிய மண்ணிலும் ஊர்ந்தே வயல் மாறுகின்றது. கோடையில் நாற்றங்கால் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைப்பின் வெயிலின் வெம்மையே புழுக்களைப் பெரும்பாலும் அழிக்கும். இரண்டாவது, கோடை உழவு. புரண்ட மண்ணில் வெயில்பட்டு முட்டைகள் உலர்கின்றன. மூன்றாவது, பயிர்மாற்றம். செண்டுமல்லியின் வேரில் புழுவைக் கொல்லும் பொருள் உண்டு. சணப்பையும் இப்புழுவுக்கு ஏற்ற உணவன்று. நீர் தேங்கிய நெல்வயலில் காய்கறிப் புழுக்கள் குறையும். ஆயினும் நெல்லையே தாக்கும் கிராமினிகோலா என்னும் இனமும் உளதாகலின் விழிப்பு வேண்டும். நான்காவது, வேப்பம்பிண்ணாக்கை மண்ணில் இடுதல். புழுவின் முட்டைகளை உண்ணும் பூஞ்சணங்களையும் இக்காலத்தில் எருவோடு கலந்து இடுகின்றனர்.

எதிர்ப்பாற்றலுள்ள தக்காளியும் உண்டு. பெரு நாட்டுக் காட்டுத்தக்காளியினின்று அவ்வாற்றல் 1940-களில் பயிர்த்தக்காளிக்குக் கொணரப்பட்டது. எனினும் மண்ணின் வெப்பம் 28 பாகை சென்டிகிரேடைக் கடந்தால் அது தளர்ந்துவிடுதலின், நம் கோடையில் அதனையே நம்பியிருத்தல் இயலாது.

நஞ்சிட்டு ஒரே நாளில் ஒழித்தால் என்னை எனின், அதற்கு வரலாறே விடை கூறும். 1950-களிலிருந்து பெருவழக்கிலிருந்த டி.பி.சி.பி. என்னும் மருந்து, அதனை ஆக்கிய தொழிலாளரை மலடாக்கியமை 1977-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. மெதில் புரோமைடு என்னும் வளி ஓசோன் படலத்தைக் கெடுப்பதெனக் கண்டு, உலக நாடுகள் உடன்பட்டு அதனைப் பயிர்நிலங்களினின்று படிப்படியாக விலக்கின. புழுவுக்கு இட்ட நஞ்சு புழுவோடு நில்லாது.

இப்புழுவை ஒரு வயலினின்று முற்றும் ஒழித்தல் அரிது. ஆனால் பயிருக்கு ஊறு செய்யாத அளவிற்கு அடக்குதல் எளிய உழவனுக்கும் கூடும். விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும், அறுவடை முடிந்த தோட்டத்தில் பத்துச் செடிகளின் வேரை அகழ்ந்து நோக்குவாராக. முடிச்சு உளதேல், அவ்வேர்களை வயலிலே விடாது திரட்டி எரிக்குமாறும், அடுத்த பருவத்துப் பயிரை மாற்றுமாறும் பெற்றோர்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்பாராக. அறியப்படாதது என்னும் அதன் பெயர் நம் ஊரளவிலேனும் பொய்யாகுமாயின், கற்ற கல்வியின் பயன் அதுவே.